மூன்றாம் சேனலில் ஒரு தாழ்வாரம்

அத்தியாயம் – 11

டிங்.

மணி நான்கு வீடுகளிலும் ஒரே சமயத்தில் ஒலித்தது. கிருஷ்ணகுமாரி தோசைக் கரண்டியை வைத்துவிட்டு வந்து டிவியில் மூன்றாம் சேனலைப் போட்டாள்.

நிறமில்லாத படம். தாழ்வாரத்தின் ஒரு கோடியில் மாடிப்படி. மறு கோடியில் பொதுக் குளியலறையும் கழிப்பறையும். நடுவில் நசீபா. முக்காடு கண் வரை இறங்கியிருந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, தரை வழுக்கும் என்று பயப்படுகிறவள் போல நடந்து போனாள்.

"நசீபாதானுங்க. செத்த நேரம் கழிச்சு வெளிய போங்க."

அவள் கணவர் பாலசுப்பிரமணியம் சட்டைப் பொத்தானைப் போட்டபடி கதவருகே நின்றார். தாலுகா ஆபீஸில் வேலை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் அவர் முணுமுணுக்கவில்லை.

"போயிட்டு வரட்டும், பாவம். நமக்கென்ன அவசரம்."

அந்தக் கட்டடத்தில் குடியிருந்த எல்லோரும் நல்லவர்கள். பிறகு நடந்ததெல்லாம் அந்த நல்லதனத்தின் வழியாகத்தான் நடந்தது.

முள்ளுக்குறிச்சி ராஜா முகமதுவின் கட்டடம் அது. வாசலூர்பட்டியில் படகுத் துறைக்குப் போகும் ரோட்டில், கீழே மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கும் கடை, மேலே வரிசையாக நான்கு வீடுகள். ஒன்றில் அவரும் மனைவி தாஹிரா பீவியும். மற்றவற்றில் மலைக்கு மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள். போன வருடம் மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மிளகு மூட்டையோடு காணாமல் போனதும், தாழ்வாரத்தில் ஒரு கேமராவும், ஆள் அசைந்தால் கண்டுகொண்டு மணி அடிக்கும் ஒரு சின்னப் பெட்டியும் மாட்டினார்கள்.

அன்று எல்லோரும் கூடிப் பேசித்தான் மாட்டினார்கள். "பாய் ஊட்டுல மட்டும் படம் தெரிஞ்சா அது வேவு. எல்லார் ஊட்டுலயும் தெரிஞ்சா அது காவல்," என்று சொன்னவள் கிருஷ்ணகுமாரிதான். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கேபிள்காரர் செல்லமுத்து படத்தை மூன்றாம் சேனலில் ஏற்றிக் கொடுத்தார். கடைசி வீட்டு நர்ஸ் ஜாஸ்மின் மட்டும், "நான் குளிச்சிட்டு ஈரத்தலையோட வாறத நாலு ஊடும் பாக்கணுமா?" என்று கேட்டாள்.

"உன்னை யாரு புள்ள பாக்கப் போறாங்க? ஞாயித்துக்கெழம படத்தையே நாங்க முழுசாப் பாக்கறதில்ல," என்றாள் கிருஷ்ணகுமாரி.

எல்லோரும் சிரித்தார்கள். ஜாஸ்மினும் சிரித்துவிட்டாள். அவளுடைய சம்மதம் அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் நசீபாவின் கணவன் அப்சர் மரவள்ளி ஏற்றிய லாரியோடு மலைப்பாதை வளைவில் கவிழ்ந்து மௌத்தானான். ராஜா முகமது மகளை இத்தா இருக்க இங்கே அழைத்து வந்துவிட்டார். கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் நாலு மாதம் பத்து நாள். அதுவரை வெளி ஆண்கள் கண்ணில் அவள் படக் கூடாது. வாசலுக்கு இரட்டைத் திரை போட்டார். ஆனால் கழிப்பறைக்குத் தாழ்வாரத்தைத் தாண்டித்தானே போக வேண்டும்? குடியிருந்த ஆண்கள் படியேறும்போது இருமிக்கொண்டு வந்தார்கள். அப்படியும் ஒரு நாள் பாலசுப்பிரமணியம் இருமியது காதில் விழாமல் நசீபா வாளியோடு எதிரே வந்துவிட்டாள். வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. நேரே கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

"அதுக்கென்னங் சார்," என்றார் ராஜா முகமது. "மணி அடிச்சா டிவியில ஒரு தரம் பாத்துக்குங்க. எம் பொண்ணு இருந்தாப் பொறுத்து வாங்க."

அன்று முதல் அப்படியே செய்தார்கள். நேரில் அவளைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

திரையில் கழிப்பறைக் கதவு திறந்தது. நசீபா வெளியே வந்தாள். நாலு எட்டு வைத்ததும் நின்றாள். வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் உள்ளே ஓடினாள்.

கிருஷ்ணகுமாரி அடுப்பை அணைத்தாள். தோசை கருகியிருந்தது.

*

"அக்கா, இருக்கீங்களா?"

தாஹிரா பீவி கோழி கழுவிக்கொண்டிருந்தாள். நசீபா குளிக்கப் போயிருந்தாள். சம்பந்தி வீட்டிலிருந்து மதியம் வருவதாகப் போன் வந்திருந்தது. எதற்கு என்று தாஹிராவுக்குத் தெரியும். கணவன் வீட்டில் இருக்க வேண்டிய இத்தாவை மலைமேல் கொண்டுபோய் வைத்தது அப்சரின் தாய் சபீராவுக்குப் பிடிக்கவில்லை. மீதி நாளை அங்கே இருக்கட்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். இப்போது மகன் பைசலோடு அவளே வருகிறாள்.

"வா கிருஷ்ணா. கையில என்னது?"

"நார்த்தங்காய் ஊறுகாயிங்க்கா. போன தையில போட்டது, நல்லா ஊறிருக்குது." கிண்ணத்தை நீட்டியவள் போகாமல் நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "புள்ளைக்கு வாய்க்கு ஏதாச்சும் வேணும்ல. அதான்."

"எந்தப் புள்ளைக்கு?"

"நசீபாவுக்குத்தான்." கிருஷ்ணகுமாரி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் உண்மையான சந்தோஷம் இருந்தது. "எங்கிட்ட எதுக்குங்க்கா மறைக்கறீங்க? நானும் ரெண்டு பெத்தவதான. காலைல மூணு தரம் ஓடுறா. வயித்துல கைய வெச்சுட்டுத்தான் நடக்கறா. எங்க ஊட்டுக்காரருகூடச் சொன்னாரு, பாய் ஊட்டுல நல்ல சேதி இருக்கும்போலன்னு."

தாஹிரா கோழித் துண்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்க ஊட்டுக்காரரு சொன்னாரா?"

"தப்பா நெனைக்காதீங்க்கா. அவரு பாக்கறதே பொறுத்துப் போறதுக்குத்தான்." அப்போதுதான் அவள் தாஹிராவின் முகத்தைப் பார்த்தாள். "அக்கா... உங்களுக்குத் தெரியாதா?"

கிருஷ்ணகுமாரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பின்வாங்கினாள். திரைச்சீலை அசைந்து நின்றது. நான்கு வீட்டிலும் மணி ஒலித்தது.

*

மௌத்து நடந்த வீடென்று தாஹிரா டிவியைத் துணி போட்டு மூடியிருந்தாள். அந்தத் துணியை இப்போது எடுத்தாள். சத்தத்தைக் குறைத்து மூன்றாம் சேனலுக்கு வந்தாள்.

வெறும் தாழ்வாரம். மூலையில் ஜாஸ்மினின் துளசித் தொட்டி. கம்பிக்கொடியில் யாருடைய துண்டோ ஆடிக்கொண்டிருந்தது.

குளியலறைக் கதவு திறந்தது. மகள் வந்தாள்.

வீட்டுக்குள் பார்க்கிற நசீபா அல்ல அவள். வீட்டுக்குள் இருப்பவள் நிமிர்ந்து நடப்பாள், பசியில்லை என்பாள், தஸ்பீஹ் மணி உருட்டுவாள், தாய் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் பாயை உதறுவாள். இவள் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு நடக்கிறாள். சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். உள்ளங்கையை அடிவயிற்றில் வைத்து, தூங்குகிற குழந்தையைத் தட்டுவது போலத் தட்டினாள். அவள் உதடுகள் அசைந்தன. யாரிடமோ பேசினாள்.

தாஹிராவுக்குத் தன் மகளை முதன்முறையாகப் பார்ப்பது போலிருந்தது. அதே நேரத்தில் வெட்கமாகவும் இருந்தது. சேனலை மாற்ற வேண்டும் என்று நினைத்தாள். மாற்றவில்லை. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டாள்.

திரைச்சீலை விலகியது.

நசீபா ஈரக் கையோடு வாசலில் நின்றாள். டிவியைப் பார்த்தாள். திரையில் வாசல் திரைச்சீலையும், அதற்குள் பாதி நுழைந்திருந்த அவளுடைய முதுகும் தெரிந்தன.

"இது எல்லார் ஊட்டுலயும் இப்படித்தான் தெரியுமா?"

"கண்ணு..."

"எல்லாரும் பாக்கறாங்களாம்மா?"

"நீ வெளிய இருக்கயான்னு பாத்துட்டு வருவாங்க. மரியாதைக்குத்தான்."

நசீபா சிரித்தாள். அந்தச் சிரிப்பு தாஹிராவுக்குப் பிடிக்கவில்லை.

"எத்தன மாசம்?" என்று கேட்டாள் தாய்.

"மூணு. ஜாஸ்மின் அக்காவுக்கு மட்டும் தெரியும். அவங்க பார்த்துச் சொன்னாங்க."

"பெத்தவகிட்டச் சொல்லல, உங்கத்தாகிட்டச் சொல்லல. ஊரான் ஊட்டு நர்ஸுகிட்டச் சொல்லிருக்க."

"உனக்குத் தெரிஞ்சா அத்தாவுக்குத் தெரிஞ்ச மாதிரி. உன் மூஞ்சியில எதும்மா நிக்கும்?" நசீபா சுவரோரமாக உட்கார்ந்தாள். "அத்தாவுக்குத் தெரிஞ்சா மாமி ஊட்டுக்குத் தெரிஞ்ச மாதிரி. அவங்க வாரிசு, அவங்க ஊட்டுல பொறக்கட்டும்னு அனுப்பி வெச்சிடுவாரு. அத்தா அப்படித்தான். அடுத்தவங்க பொருள் நம்ம ஊட்டுல ஒரு ராத்திரிகூட இருக்கக் கூடாது அவருக்கு."

"அனுப்பினா என்ன கண்ணு? அவங்களும் மனுசங்கதான."

நசீபா தாயை நிமிர்ந்து பார்த்தாள்.

"போன வருசம் எனக்குக் கலஞ்சது எப்படீன்னு உனக்குத் தெரியுமா?"

"திடீர்னு ஆயிடுச்சுன்னு மாப்ள சொன்னாரு."

"பைசலுக்கு நிச்சயம் நடந்துச்சே, அன்னிக்குக் காலைலயே உதிரம் பட்டுச்சு. மாமிகிட்டச் சொன்னேன். விருந்தாளிங்க போகட்டும், அபசகுனமாப் பேசாதன்னாங்க. பின்னாடி ரூம்ல படுக்க வெச்சு, யாரும் உள்ள வந்துடக் கூடாதுன்னு வெளிய பூட்டுனாங்க. அவரு லாரியில கேரளா போயிருந்தாரு. வாசல்ல பிரியாணி அண்டா எறங்குற சத்தம், சிரிப்புச் சத்தம் எல்லாம் கேட்டுச்சு. நான் கதவத் தட்டுனது யாருக்கும் கேக்கல. கேட்டுச்சோ என்னவோ. சாயங்காலம் தொறந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு."

தாஹிரா மகளின் ஈரக் கையைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"அவரு திரும்பி வந்து அழுதாரு. எங்கம்மாவ யாருகிட்டயும் காட்டிக் குடுத்துடாதன்னு என் கையப் புடிச்சாரு. குடுக்கல. இப்ப அவரே இல்ல." நசீபா வயிற்றின் மேல் முக்காட்டு நுனியை இழுத்து விட்டுக்கொண்டாள். "புள்ளை உண்டாயிருந்தா இத்தா பொறக்குற வரைக்கும் நீளும். நீளட்டும். இங்கயே இருக்கேன். அந்த ஊட்டுக்குப் போகச் சொல்ல மாட்டேன்னு அத்தா வாயால ஒரு வார்த்தை வாங்கிட்டு, அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். வார்த்தை குடுத்தா மாற மாட்டாருல்ல."

"இன்னிக்கு அவங்க வாராங்களே."

"அதான். இன்னிக்கு ஒரு நாள் தாண்டணும்."

*

மதியத்துக்குள் மலையில் மூட்டம் இறங்கிவிட்டது. கார் வந்து நின்றது தெரியவில்லை, கதவு சாத்தும் சத்தம்தான் கேட்டது.

பைசல் கடையிலேயே உட்கார்ந்துகொண்டான். கொழுந்தன் மேலே வரக் கூடாது. சபீரா மட்டும் படியேறி வந்தாள். பருமனான உடம்பு. மூச்சு வாங்கியது. கையில் ஒரு பை நிறைய மாதுளம்பழம்.

"என்ன குளிரு சம்பந்தி இங்க! எம் மருமகள ஐஸ் பெட்டியில கொண்டாந்து வெச்சிருக்கீங்க."

"வாங்க சம்பந்தி. உக்காருங்க."

சபீரா நசீபாவின் தாடையைத் தொட்டு முத்தமிட்டாள். அப்சரின் பேரைச் சொல்லிக் கொஞ்சம் அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மருமகளின் முகத்தை, கழுத்தை, கையைப் பார்த்தாள். பார்வை இறங்கிக்கொண்டே போனது. நசீபா மடியில் ஒரு தலையணையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கீழே ராஜா முகமதுவின் குரல் கேட்டது. "இங்கயே உக்காந்து மேல தாழ்வாரத்தப் பாக்கலாம் பைசல். மணியும் அடிக்கும். நம்ம செல்லமுத்துதான் போட்டுக் குடுத்தாப்ல."

தாஹிராவும் நசீபாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடையிலும் ஒரு டிவி இருக்கிறது. அது அவர்கள் நினைவிலேயே இல்லை.

தாளித்த வாசனை அறைக்குள் வந்தது. நசீபாவின் மேலுதட்டில் வேர்வை அரும்பியது. எச்சிலை விழுங்கினாள். மறுபடியும் விழுங்கினாள். தாஹிரா அதைப் பார்த்தாள். அறைக்குள் சபீரா. அறைக்கு வெளியே கேமரா. கேமராவுக்குக் கீழே பைசல். தன் மகள் வாந்தி எடுக்க இந்தக் கட்டடத்தில் இடம் இல்லை என்று அவளுக்கு உறைத்தது. இது அவர்களுடைய சொந்தக் கட்டடம்.

"கொஞ்சம் சர்க்கரை வாங்கிட்டு வாரேன் சம்பந்தி. தீந்து போச்சு," என்று எழுந்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கிருஷ்ணகுமாரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் சேனல்.

"கிருஷ்ணா, கொடியில ஒரு சேலை போடணும்."

"இந்த மூட்டத்துல எங்கக்கா காயும்?"

"காய வேண்டாம். கேமராவ மறைச்சாப் போதும். இப்பவே."

கிருஷ்ணகுமாரி கேள்வி கேட்கவில்லை. காலையிலிருந்து அவளுக்குள் ஏதோ குத்திக்கொண்டே இருந்தது. மடித்து வைத்திருந்த சேலையை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடினாள். எக்கி, கேமராவுக்கு நேராகக் கொடியில் விரித்தாள். சொட்டுச் சொட்டாக அவள் தலையிலேயே தண்ணீர் விழுந்தது.

"நசீபா," என்று தாஹிரா வாசலில் நின்று கூப்பிட்டாள், "மாமிக்குக் கைகழுவத் தண்ணி புடிச்சுட்டு வா சாமி."

நசீபா செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தாழ்வாரத்தில் மணி அடித்தது. ஈரச் சேலைக்குப் பின்னால் அவள் ஓடும் காலடி கேட்டது. குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முகம் கழுவிக்கொண்டு, நிரம்பிய செம்போடு வந்தாள்.

சபீரா அவளைப் பார்த்துச் சிரித்தாள். "மெதுவா, மெதுவா. தரையெல்லாம் ஈரம்."

சாப்பாடு முடிந்தது. தாஹிரா பயந்த பேச்சு வரவே இல்லை. அனுப்புங்கள் என்று சபீரா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடிவாரத்து வெயிலைப் பற்றிப் பேசினாள். பைசலின் கல்யாணம் தள்ளிப் போனதைப் பற்றிப் பேசினாள். மாதுளம்பழத்தை உரித்து, முத்துகளைத் தன் கையாலேயே மருமகளின் வாயில் போட்டாள்.

"நல்லாச் சாப்புடு. ரத்தம் ஊறணும்."

புறப்படும்போது வாசலில் நின்று கேமராவை நிமிர்ந்து பார்த்தாள். சேலையைக் கிருஷ்ணகுமாரி எடுத்துவிட்டிருந்தாள்.

"நல்ல சாமான் சம்பந்தி இது. நம்ம ஊட்டுலயும் ரெண்டு மாட்டச் சொல்லிருக்கேன் பைசல்கிட்ட. வாசல்ல ஒண்ணு, பின்னாடி ரூமுக்குப் போற வழியில ஒண்ணு. புள்ளைங்க இருக்கற ஊட்டுக்கு ஒரு பாதுகாப்புத்தான?"

"ஆமா," என்றாள் தாஹிரா.

படியில் அந்தக் கனத்த காலடிகள் இறங்கிப் போயின. கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மூட்டத்துக்குள் இரண்டு சிவப்பு விளக்குகள் தெரிந்து மறைந்தன.

"தாண்டிட்டோம்மா," என்றாள் நசீபா.

சபீராவின் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தாஹிரா மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். சபீரா. பைசல். வேலை செய்யும் பொன்னம்மாள், அவளுக்கும் வயது அறுபது.

"நசீபா," என்றாள். "அந்த ஊட்டுல புள்ளைங்க ஏது?"

*

ராஜா முகமது கடையைச் சாத்தாமல் மேலே வந்தார். தாழ்வாரத்தில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். மகளைக் கூப்பிட்டார். இந்த மூட்டத்தில் வேறு யாரும் வரமாட்டார்கள். வீடுகளில் இருப்பவர்களும் டிவியில் பார்த்துவிட்டு நின்றுகொள்வார்கள்.

நசீபா திரைக்கு வெளியே வந்து சுவரோரம் நின்றாள். தாஹிரா வாசற்படியில்.

"வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு கார் வரும்," என்றார். "துணிமணி எடுத்து வெச்சுக்க."

"எங்க, அத்தா?"

"உன் ஊட்டுக்கு."

"ஏனுங்க, என்னன்னு சொல்லி அனுப்பறீங்க?" என்றாள் தாஹிரா.

"என்னன்னு சொல்லறது. புள்ளை உண்டாயிருக்கு, அவங்க புள்ளை, அவங்ககிட்ட இருக்கணும்னு நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். அவங்க சந்தோசமா வந்தாங்க. வார்த்தையும் குடுத்துட்டேன்."

ஈரச் சேலை சொட்டிய இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் நசீபா. கேட்கும்போதே பதிலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாள் முழுக்க கடையிலதான உக்காந்திருக்கேன். ரெண்டு வாரமாப் பாத்துட்டுத்தான் இருக்கேன். உங்கம்மா எங்கிட்டச் சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. சரி, கூச்சப்படறீங்கன்னு நெனச்சேன்." அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு பெருமிதம்கூட இருந்தது. "இன்னிக்குச் சேலைய வெச்சு மறைச்சதயும் பாத்தேன். பைசல் கேட்டான், அது என்ன மாமான்னு. மூட்டம்பான்னு சொல்லி வெச்சேன். மறைக்கறதுக்கு இதுல என்ன இருக்கு? ஹலாலான புள்ளைதான?"

நசீபா சுவரை விட்டு நகர்ந்து அவருக்கு நேராக வந்து நின்றாள். காலையிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் இப்போது உதவவில்லை. பின்னறையைச் சொன்னாள். பூட்டைச் சொன்னாள். அண்டா இறங்கிய சத்தத்தைச் சொன்னாள். தாயிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னாள். அழவில்லை.

ராஜா முகமது தலையைத் தூக்கவே இல்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

பக்கத்து வீட்டில் கிருஷ்ணகுமாரி டிவியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். மூன்றாம் சேனலுக்குச் சத்தம் கிடையாது. நிற்கிற மகளும் உட்கார்ந்திருக்கிற தகப்பனும் தெரிந்தார்கள். ஏதோ குடும்ப விஷயம், பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. காலையில் தோன்றியிருக்கலாம். போன மாதம் தோன்றியிருக்கலாம். டிவியை அணைத்தாள்.

"இத ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றார் ராஜா முகமது.

"நீங்க கேக்கலயே அத்தா. பாத்துட்டுத்தான இருந்தீங்க."

அவர் எழுந்தார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் வார்த்தை குடுத்துட்டேன்," என்றார். மகளிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை. "சபையில இல்லாட்டியும், குடுத்தது குடுத்ததுதான."

படியிறங்கிப் போனார். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார்.

"போன் பண்ணத்தான் போறாரு," என்று தாஹிரா முணுமுணுத்தாள். "வேண்டாம்னு சொல்லிடுவாரு. பெத்த மனசுல்ல. பாரேன், சொல்லிடுவாரு."

"இல்லன்னா?"

முப்பது வருடம் தாஹிரா அவரோடு வாழ்ந்திருக்கிறாள். ஒரு முறை சொன்ன விலையை அவர் மாற்றியதில்லை. ஒரு முறை கொடுத்த வார்த்தையை மாற்றியதில்லை. ஊரில் அவருக்கு இருந்த மதிப்பே அதுதான். அந்த மதிப்பில்தான் அவளும் தலை நிமிர்ந்து நடந்தாள். இன்று முதல்முறையாக, தன் கணவர் கொஞ்சம் வார்த்தை மாறுகிற மனிதராக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள்.

கீழே போன் எடுக்கும் சத்தம் கேட்டது. எண்களைச் சுழற்றும் சத்தம். பிறகு கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

தன் வயிற்றில் இருப்பது எங்கே பிறக்கும் என்பது அந்த ஷட்டருக்குப் பின்னால் முடிவாகிக்கொண்டிருக்கிறது. நசீபா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"எங்க கண்ணு போற?"

"கீழ."

"இத்தாவுல இருக்க நீ! கடையில ராசப்பன் மூட்டை கட்டிட்டு இருப்பான். ரோட்டுல ஆள் நடமாட்டம் வேற."

"ராசப்பன் தலைய அந்தப் பக்கம் திருப்பிக்குவாரும்மா. அவரு கடையில டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உக்காருவாரு. நான் இங்க வந்த நாள்ல கடை ஜன்னல் வழியாப் பாத்திருக்கேன்."

அவள் கழிப்பறைப் பக்கம் திரும்பாமல் மறுபக்கம் திரும்பினாள். நான்கு வீட்டிலும் மணி அடித்தது. எந்தக் கதவும் திறக்கவில்லை. தாஹிரா இரண்டு எட்டு ஓடி, மகளின் கையைப் பிடித்தாள். தடுக்கத்தான் பிடித்தாள். பிறகு அந்தப் பிடி தளர்ந்து, படியில் வழுக்காமல் தாங்கும் பிடியாக மாறியது.

ஷட்டருக்குக் கீழே குனிந்து நுழைந்தார்கள். மிளகின் காரம் மூக்கில் ஏறியது. ராசப்பன் கோணி ஊசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ராஜா முகமது முதுகைக் காட்டி நின்று, ரிசீவரைக் காதோடு அழுத்தியிருந்தார்.

"ஆமா பைசல், நான்தான்... இல்ல, அம்மாவக் கூப்புடு. அவங்ககிட்டத்தான் பேசணும்... இருக்கேன், கூப்புடு."

அந்தப் பக்கம் சபீரா வருவதற்காக அவர் காத்திருந்தார். அவருடைய தோள்கள் இறங்கியிருந்தன. வேண்டாம் என்று சொல்லப் போகிறவரின் முதுகா, சீக்கிரம் வாருங்கள் என்று சொல்லப் போகிறவரின் முதுகா என்று நசீபாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவள் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றாள். ராஜா முகமது திடுக்கிட்டுத் திரும்பினார். ரிசீவரில் கனத்த மூச்சுடன் ஒரு குரல், "சொல்லுங்க சம்பந்தி" என்றது.

நசீபா கையை நீட்டினாள்.

"எங்கிட்டக் குடுங்க அத்தா. நான் பேசறேன்."